ஆயிரத்து நூறு டிகிரியில் நள்ளிரவு

பிர்னோ. ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளம்.
டிசம்பர் முப்பத்தொன்று, தொண்ணூற்றிரண்டு.
உலைக்கு விடுமுறை கிடையாது என்று
சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கும் திராஹோமீருக்கும் விழுந்தது.
ஒரு செக்காரர், ஒரு ஸ்லோவாக்காரி.
குலுக்கியவருக்குக் குறும்பு அதிகம்.

குவார்ட்ஸ் படகில் ஆறு துண்டுகள்.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு படலம்,
தலைமுடியை நானூறாய்ப் பிளந்தால்
அதில் ஒரு பிளவின் கனம்.
சிலிக்கனும் ஆக்ஸிஜனும் ஆவியாய் எழும்பிக்
குளிர்ந்த பரப்பில் விழுந்து ஒட்டியவை.
வரிசை பார்க்க நேரமில்லை.
மழைக்கு ஒதுங்கிய சந்தைக் கூட்டம்போல்
யாருக்கு அருகே யார் என்று கேளாமல்
நின்ற இடத்திலேயே உறைந்துபோனவை.
நிறம், தேநீர்க் கறை.

எட்டு மணிக்கு நைட்ரஜன் திறந்தோம்.
நிமிடத்துக்கு ஐந்து டிகிரி.
அவர் பயறு கொண்டுவந்திருந்தார்:
வருடப் பிறப்பன்று தின்றால் காசு தங்குமாம்.
நான் முட்டைக்கோஸ் சூப்.
இரண்டு தூக்குச்சட்டியும் உலையின் முதுகில்.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதே விரவல்
என்று எழுதிப் பட்டம் வாங்கியவள் நான்.
தண்ணீரில் மை அப்படித்தான் கரைகிறது.
இங்கே தலைகீழ்.
ஏற்கெனவே இருக்கிற இடத்துக்கே
போய்ச் சேர்கிறது சிலிக்கன்,
பணம் பணத்தோடு சேர்கிற மாதிரி.
"இனம் இனத்தோடு" என்றார் திராஹோமீர்.
சொல்லிவிட்டுக் கரண்டியைப் பார்த்தார்.

அணுவுக்குப் பகை தெரியாது.
சூடு வந்தது, கால் பெயர்ந்தது,
பெயர்ந்த கால் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான்.
அதனிடமும் யாரும்
வாக்குச்சீட்டு நீட்டவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு முள் ஆயிரத்து நூறைத் தொட்டது.
பன்னிரண்டுக்கு மேலே தெருவில் வாணம்.
வானொலியில் கீதம்.
அவர்கள் பாதி முடிந்தது.
எங்கள் பாதிக்காக
கையில் சூப்போடு நின்றேன்.
அறிவிப்பாளர் வானிலை சொல்லத் தொடங்கினார்:
மூடுபனி, மைனஸ் ஏழு.

திராஹோமீர் எழுந்து
வால்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.
சரியாகத்தான் இருந்தது.

பதிவேட்டில், நேரம், வெப்பம், வாயு
எல்லாம் எழுதினேன்.
நாடு என்ற கட்டத்தில் பென்சில் நின்றது.
உள்ளே போனது ஒன்றில்,
வெளியே வரப்போவது வேறொன்றில்.
"மேற்படி என்று போடு" என்றார்.
போட்டேன்.

விடிந்தபோது ஒன்று விரிசல் கண்டிருந்தது.
விளக்கை அணைத்து, புற ஊதாவைப் பிடித்தோம்.
சற்று நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, கண் பழகப் பழக,
சுருட்டு நுனிபோல் ஒரு சிவப்பு.
விரிசல் விட்டதும்கூட.
திராஹோமீர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்,
ஊதினால் அணைந்துவிடும் என்பதுபோல.

கட்டுரையில் இரண்டு பெயர்தான் வரும்:
சிலிக்கன் பருக்கை,
அதைச் சூழ்ந்த கண்ணாடி.
நடுவே ஒரு தோல் உண்டு,
ஓர் அணு, மிஞ்சினால் இரண்டு அணுக் கனம்.
அங்கே நிற்கிறதற்கு
ஒரு கை இந்தப் பக்கம்,
மூன்று கை அந்தப் பக்கம்.
எவ்வளவு நேரம் சூட்டில் வைத்தாலும்
அந்தத் தோல் முழுக்க மறைவதில்லை.
அம்மா ஹோதோனீன், அப்பா ஸ்கலிட்சா,
இடையில் மொராவா ஆறு.
பள்ளியில் அதை நீந்துமிடம் என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

மதியப் பேருந்து பாலத்தில் நின்றது.
நேற்றில்லாத கொட்டகை, நேற்றில்லாத கம்பு.
போன வாரம் எங்கள் தெருவில்
தொட்டியில் கெண்டை மீன் விற்றவர்,
தலையில் புதுத் தொப்பி.
என்னைத் தெரியாதவர்போல் கேட்டார்:
"அறிவிக்க ஏதாவது உண்டா, அம்மணி?"

பையில் காகித உறை,
அதில் விரிசல் விட்ட துண்டு.

"பயறு" என்றேன்.
திராஹோமீரின் சட்டியைத் திறந்து காட்டினேன்.
ஆறிப்போயிருந்தது.
வெகுநேரம் குனிந்து பார்த்தார்,
எண்ணுகிறவர்போல.